இல்லாத ரோட்டுக்கு டோல்

"ஏட்டி, இந்த அநியாயத்தைக் கேளு. இல்லாத ரோட்டுக்கு டோல் கேக்கான்!"

போன மாதம் ஒரு சாயங்காலம் போனை எடுத்ததும் காதில் விழுந்த முதல் வாக்கியம் இது. ஹலோ கிடையாது. நல்லா இருக்கியா கிடையாது. என் அண்ணன் முத்தையா எப்போதும் அப்படித்தான் — எடுத்த எடுப்பிலேயே டாப் கியர்.

"எந்த ரோடுண்ணே?"

"கம்ப்யூட்டர் ரோடுட்டி! என் வண்டி ஓடுத ரோடு!"

எனக்குப் புரிந்துவிட்டது. உங்களுக்குப் புரிந்திருக்காது. சொல்கிறேன்.

அண்ணன் கயத்தாற்றில் இருக்கிறார். சொந்தமாக ஒரு லாரி வைத்து ஓட்டியவர். தூத்துக்குடியில் உப்பு ஏற்றிக்கொண்டு வடக்கே போவார். திரும்பும்போது வெங்காயமோ, சிமென்டோ, எது கிடைக்கிறதோ அது. சில வருடங்களுக்கு முன் முதுகில் டிஸ்க் நழுவியது. இனிமேல் லாரி சீட்டில் உட்கார்ந்தால் அப்புறம் படுக்கைதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வண்டியை விற்றார்கள். அதன்பிறகு அண்ணன் வீட்டு வாசலில் சேரைப் போட்டுக்கொண்டு, பைபாஸில் போகிற வண்டிகளின் ஹாரனைக் கேட்டே அது எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் கேட்காமலேயே!

அவருடைய ஒரே மகள் பவானி. ஓசூரில் கம்ப்யூட்டர் வேலை. அப்பா இப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் ஒரு லேப்டாப் வாங்கினாள். மேசையில் மாட்டுகிற மாதிரி ஒரு ஸ்டியரிங், காலுக்கு கிளட்ச், பிரேக், ஆக்ஸிலேட்டர். கூடவே ஒரு ஆன்லைன் லாரி கேம். லோடு ஏற்றலாம், ரோட்டில் ஓட்டலாம், கொண்டுபோய் இறக்கலாம். எந்த ஊரில் இருக்கிறவர்களும் ஒரே ரோட்டில் ஒன்றாக வண்டி ஓட்டலாம்.

வீடியோ கேம் என்றதும் உங்கள் மனசில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து உட்கார்ந்திருப்பான். தயவுசெய்து அவனை எழுப்பி அனுப்பிவிடுங்கள். அந்த நாற்காலியில் அறுபதைத் தாண்டிய, கைலி கட்டிய, நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒரு மனுஷரை உட்காரவையுங்கள்.

முதல் நாள் அவர் செய்த காரியம் என்ன தெரியுமா? மேசையின் கால்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, மேசையை ஒரு தள்ளுத் தள்ளி நசுக்கினார். ஸ்டியரிங்குக்குச் சந்தனம், குங்குமம். அதற்குப் பிறகுதான் வண்டி நகர்ந்தது!

"அந்த ரோட்டுல டீக்கடையே கெடையாதாம். அதனால அரை மணிக்கு ஒருக்க நான் டீ போடணுமாம்" என்று அண்ணன் மனைவி, என் மதினி, என்னிடம் அலுத்துக்கொண்டார். அலுப்புதான். ஆனால் குரலில் சந்தோஷம் தெரிந்தது.

இதுவரை சிரிப்பு. இனிமேல் கொஞ்சம் சிரிக்க முடியாத விஷயம்.

போன வருடம் பவானி கல்யாணம் செய்துகொண்டாள். கூட வேலை பார்க்கிற தினேஷ். ரிஜிஸ்டர் ஆபீஸில் வைத்து. பையன் நல்ல பையன், நான் பார்த்துப் பேசியிருக்கிறேன். ஆனால், 'வேற ஆளுக'. எங்கள் பக்கத்தில் இந்த இரண்டு வார்த்தைகளுக்குப் பிறகு விளக்கம் எதுவும் தேவைப்படாது.

அண்ணன் பேச்சை நிறுத்தினார். மகள் போன் வந்தால் எடுக்க மாட்டார். தினேஷ் என்ற பெயர் அந்த வீட்டில் உச்சரிக்கப்படவே இல்லை. 'அந்தப் பய' என்பதோடு சரி. தீபாவளி போனது. பொங்கல் போனது. மதினி கோவில்பட்டிக்கு என் வீட்டுக்கு வரும்போது என் போனில் மகளோடு பேசி, முகத்தைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறுவார்.

ஆனால் பாருங்கள்... அந்த லேப்டாப்பை மட்டும் அண்ணன் மூடவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் அவர் அந்த ரோட்டில் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறார். பின்னால் இரண்டு ஹாரன். நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று. அண்ணனுக்குக் கால் தானாக பிரேக்குக்குப் போய்விட்டது என்று மதினி சொன்னார். ஏனென்றால் அது அவருடைய ஹாரன். டிரிப் முடிந்து ஊருக்கு வரும்போதெல்லாம் தெரு முனையில் அவர் அடிக்கிற ஹாரன். அதைக் கேட்டால்தான் பவானி கேட்டைத் திறக்க ஓடி வருவாள்.

கண்ணாடியில் பார்த்தார். ஒரு மஞ்சள் லாரி. இரண்டு மூன்று வளைவு தாண்டுகிறவரை ஓட்டிக்கொண்டே போனாராம். அப்புறம் இவரும் அடித்திருக்கிறார். நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று.

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு இரண்டு லாரிகளும் கிளம்பும். இவர் முன்னால், அவள் பின்னால். அந்த கேமில் மைக் உண்டு, பேசிக்கொண்டே ஓட்டலாம். அண்ணன் அந்தப் பட்டனைத் தொட்டதே இல்லை. மகளும் தொடவில்லை. கிளம்பும்போது ஹாரன், வளைவு வந்தால் இண்டிகேட்டர், லோடு இறக்கியதும் மறுபடி ஹாரன். முடிந்தது.

"பேசாட்டாப் போறாவ. பின்னால புள்ள வருதுன்னு அவியளுக்குத் தெரியுதுல்லா, அது போதும்" என்பார் மதினி.

இந்த நிலைமையில்தான் டோல் வந்தது.

கேம் நடத்துகிற கம்பெனி அறிவித்துவிட்டது. அடுத்த மாதம் முதல் தனியாக ஓட்டினால் இலவசம்; சேர்ந்து ஓட்டினால் மாதச் சந்தா. நன்றாகக் கவனியுங்கள். தனியாகப் போனால் ஃப்ரீ. சேர்ந்து போனால் காசு!

"ரோடு டாக்ஸ் கட்டுனேன். பெர்மிட்டுக்குக் கட்டுனேன். இங்கன இருந்து டெல்லி வரைக்கும் டோல் கட்டிக் கட்டியே கை தேஞ்சு போச்சு. ஆனா அதெல்லாம் கல்லும் தாரும் போட்ட ரோடு. இவன் எந்தக் கல்லைட்டி போட்டான்?"

அவர் கேட்பதில் நியாயம் இல்லையா என்ன? முதலில் சும்மா கொடுத்துப் பழக்குவது. நாம் நன்றாகப் பழகி, அது இல்லாமல் சாயங்காலம் நகராது என்ற கட்டம் வந்ததும் கையை நீட்டுவது. பார்க்கப்போனால் கடுப்பாகத்தான் இருக்கிறது.

ஆனால் போனை வைத்துவிட்டு யோசித்தேன். அந்த ரோடு தானாகவா கிடக்கிறது? எங்கோ ஒரு கட்டடத்தில் ராப்பகலாகக் கம்ப்யூட்டர்கள் ஓடுகின்றன. கரண்ட், ஏசி, அதைப் பார்த்துக்கொள்கிறவர்களின் சம்பளம்... யார் தருவது? நாம் என்ன எல்லாவற்றையும் கணக்குப் பார்த்தா கட்டுகிறோம்? கேபிளுக்குக் கட்டுகிறோம், பார்ப்பது நாலு சேனல். என் தோழி ஒருத்தி ஜிம்முக்கு வருடச் சந்தா கட்டினாள், கார்டு அவளுடைய பர்ஸில் பத்திரமாக இருக்கிறது, உடம்பு வீட்டில் பத்திரமாக இருக்கிறது. அதற்கெல்லாம் வலிக்காத மனசு, விளையாட்டு என்றதும் மட்டும் ஏன் வலிக்கிறது?

'விளையாட்டுதானே' என்ற நினைப்புதான். விளையாட்டுக்குச் செலவழித்தால் தண்டம். அதிலும் அறுபதைத் தாண்டியவர் செலவழித்தால், பெரிய தண்டம்!

பவானி எனக்குப் போன் செய்தாள். "அத்தை, நானே அப்பாவுக்கும் சேர்த்துக் கட்டிருதேன். கிஃப்ட்டா அனுப்பலாம்."

அனுப்பினாள். திரையில் ரிப்பன் கட்டிய பெட்டி ஒன்று வந்து நின்றிருக்கிறது. அண்ணன் வேண்டாம் என்று அமுக்கிவிட்டார். "அந்தப் பய காசுல நான் வண்டி ஓட்டவா?" என்று மதினியிடம் கேட்டாராம். அவள் சம்பளம் அவள் காசு என்று அவருக்கு யார் சொல்வது? சொன்னால்தான் கேட்கிற ஆளா?

மாதம் பிறந்தது. ரோடு காலியானது.

நான்கைந்து நாட்களில் மதினி கூப்பிட்டார். "நீ ஒரு எட்டு வந்துட்டுப் போ. எனக்குப் பயமா இருக்கு. வண்டிய ஸ்டார்ட் பண்ணுதாவ, ஹாரன் அடிக்காவ, அஞ்சு நிமிஷத்துல ஆஃப் பண்ணிட்டு பைபாஸுக்குப் போயிடுதாவ. அங்கன நின்னுக்கிட்டுப் போற லாரியப் பாக்காவ. டீ கூட வேண்டாங்காவ."

டீ வேண்டாம் என்கிறார் என்றதும் எனக்கும் பயம் வந்துவிட்டது. பஸ் ஏறினேன்.

போய்ச் சேர்ந்தபோது ஆறு மணி. அண்ணன் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நீளமாக ஒரு ஹாரன், குட்டையாக ஒன்று. பதில் இல்லை. கண்ணாடியைப் பார்த்தார். வெறும் ரோடு.

"நெட்டு சரியில்ல" என்றார்.

நெட் நன்றாகத்தான் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது.

"அண்ணே, நீ ஒரு நாளைக்குப் போடுத வெத்தலபாக்குக் காசு ஆகுமா அது? கட்டித் தொலையேன்!"

அவர் ஊர்க் கூட்டத்தில் பேசுகிற தோரணையில் தொண்டையைச் செருமினார்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர் அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு வரி பிரிக்கிறவர் அண்ணன்தான். வரி என்பது தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று போடுவது. ஒரு குடும்பம் ஒரு தலைக்கட்டு. வீட்டில் பத்துப் பேர் இருந்தாலும் ஒரே வரிதான். பிள்ளைக்குக் கல்யாணம் முடிந்தால் அது தனித் தலைக்கட்டு; வரியும் தனி. இதில் அண்ணன் யாருக்கும் இம்மி விட்டுக்கொடுக்க மாட்டார்.

"ஒரு தலைக்கட்டுக்கு ஒரு வரி. அதுதான் மொறை. நான் ஒண்ணு கட்டுதேன். அந்தப் பாஸ்வேர்ட நீ பவானிட்ட குடு. ரெண்டு பேரும் ஓட்டுவோம்" என்றார்.

பவானி இன்னும் தன் தலைக்கட்டுதான் என்கிறார்! அதாவது, கல்யாணமே நடக்கவில்லை என்கிறார். எனக்குப் புரிந்தது. ஆனால் அந்த நேரத்தில் அதைக் கிளற நான் என்ன பைத்தியமா? அங்கேயே பணத்தைக் கட்டினோம். பாஸ்வேர்டை பவானிக்கு அனுப்பினேன்.

மறுநாள் ஆறு மணிக்கு நடந்த கூத்தை எப்படிச் சொல்வேன்...

ஒரு கணக்குக்கு ஒரு டிரைவர்தான். அது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. அண்ணன் உள்ளே போனார். பவானி உள்ளே வந்தாள். அவள் வந்ததும் அண்ணனை வெளியே தள்ளிவிட்டது. அண்ணன் மறுபடி நுழைந்தார், அவளை வெளியே தள்ளிவிட்டது. அவள் வந்தாள், இவர் வெளியே. இவர் வந்தார், அவள் வெளியே. கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண்ணுக்குமா தெரியாது என்று அப்புறம் கேட்டேன். "தெரியும் அத்தை. ஆனா அப்பா பாஸ்வேர்ட் குடுத்தாங்கன்னு சொன்னதும் எனக்கு வேற ஒண்ணுமே ஓடல" என்றாள்.

இரண்டு பேரும் விடவில்லை. கதவு மாதிரி திறந்து மூடித் திறந்து மூடி... கடைசியில் அந்தக் கம்பெனிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. யாரோ கணக்கைத் திருடுகிறார்கள் என்று நினைத்து மொத்தமாகப் பூட்டிவிட்டது!

இப்போது தனியாக ஓட்டுகிற ரோடும் போச்சு.

அன்றைக்குப் பவானி போனில் அழுதாள். சின்ன வயதில் அழுத மாதிரி, மூச்சு வாங்கி. "அத்தை, அப்பா என்கிட்ட பேசுன ஒரே பாசை அந்த ஹாரன்தான். அதையும் நானே கெடுத்துட்டேனே!"

"நீ கெடுக்கலட்டி. ஒங்கப்பாவோட தலைக்கட்டு கெடுத்துட்டு" என்றேன். வாய்தான் சொன்னது. மனசுக்குள் வேறு கேள்விகள். கணக்கு திரும்பி வராமல் போனால்? இந்த மனுஷர் அதோடு அந்த மேசையை மடக்கி வைத்துவிட்டால்? அப்பாவும் மகளும் சேர்ந்து போக வேறு எந்த ரோடு இருக்கிறது?

மறுநாளே மறுபடி கயத்தாறு. கம்பெனிக்கு எழுதிப்போட்டோம். பதில் வந்தது. நல்லவேளை, மனுஷர் யாரோ எழுதியிருந்தார்கள். அண்ணனுக்கு மூக்குக்கண்ணாடி கைக்கு அகப்படவில்லை. நான்தான் தமிழில் வாசித்துச் சொன்னேன்.

"கணக்குக்கு ஒண்ணும் ஆகலையாம்ணே. இன்னைக்கே திறந்துவிடுதாங்களாம்."

அண்ணன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"ஒரே வீட்டுல இருக்கவங்கன்னா குடும்பத் திட்டம்னு ஒண்ணு இருக்காம். ஒரு சந்தா போதும், ஆளுக்கொரு கணக்கு குடுப்பாங்களாம்."

"நான் சொன்னேன்லா! தலைக்கட்டு வரி!" அண்ணன் முகத்தில் அப்படி ஒரு வெற்றிச் சிரிப்பு.

"முழுசாக் கேளு. வேற விலாசத்துல தனியாக் குடும்பம் நடத்துறவங்க இதுல சேர முடியாதாம். அவங்க தனியா எடுக்கணுமாம்."

சிரிப்பு நின்றது. அடுப்படியில் மதினி மிக்சியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் மட்டும்தான்.

அண்ணன் ஸ்டியரிங்கைத் துண்டால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த அபூர்வமான நேரங்களில் அது ஒன்று.

"அவன் சொல்லுததும் சரிதான" என்றார் கடைசியில். "ஊர்லயும் அதான மொறை. கல்யாணம் முடிஞ்சா தனித் தலைக்கட்டு."

"ஆமாண்ணே."

"அப்போ பவானி வரிய நான் எதுக்குட்டி கட்டணும்? அவ வீட்டுக்காரன் கட்டட்டும்!"

மிக்சி நின்றது.

அவ வீட்டுக்காரன். அந்தப் பய இல்லை. வீட்டுக்காரன்! ஒரு வருடமாக மதினியும் நானும் மாறி மாறிப் பேசியும், அழுதும், சண்டை போட்டும் அவர் வாயிலிருந்து வரவைக்க முடியாத வார்த்தை. மகள் சந்தாவைத் தன் தலையில் கட்டிவிடக்கூடாது என்ற கஞ்சத்தனத்தில் தானாக வந்து விழுந்துவிட்டது.

மதினி அடுப்படி வாசலில் வந்து நின்றார். கையெல்லாம் தேங்காய். என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பின்கட்டுக்குப் போய் பவானிக்குப் போன் போட்டேன்.

"ஏட்டி, ஒங்கப்பா ஒன் வீட்டுக்காரர வரி கட்டச் சொல்லுதாவ."

"என்னது? திருப்பிச் சொல்லுங்க அத்தை."

திருப்பிச் சொன்னேன். சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை, காதிலிருந்து போனைத் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

சாயங்காலம் ஆறு மணி. கணக்கு திறந்திருந்தது. அண்ணன் திருநீறு பூசி உட்கார்ந்தார். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது, திரைக்குள் கேம் ரோட்டில் கும்மிருட்டு. நீளமாக ஒரு ஹாரன், குட்டையாக ஒன்று.

பின்னாலிருந்து பதில் வந்தது. நீளம், குட்டை. மஞ்சள் லாரி!

மதினி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வண்டிகள் கிளம்பின. அப்போதுதான் மூன்றாவதாக ஒரு ஹாரன். கன்னாபின்னாவென்று, தப்புத் தப்பாக.

மஞ்சள் லாரிக்குப் பின்னால் இன்னொரு லாரி. பவானியின் வீட்டுக்காரர் குடும்பத் திட்டமாகவே எடுத்திருக்கிறார். அதில் அவருக்கும் ஒரு வண்டி வந்திருக்கிறது. வண்டி ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அலைந்தது. அதன் தலைக்கு மேலே தினேஷ் என்று பெயர் எழுதியிருந்தது. அண்ணன் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். படித்திருப்பார்.

கியரை மாற்றி ஓட்டினார்.

ஆனால் அந்தப் பிள்ளை ஹை பீமைப் போட்டுக்கொண்டு வந்தது. அண்ணன் லாரியின் பக்கக் கண்ணாடி முழுக்க வெள்ளை வெளிச்சம். எதிரே வருகிறவனுக்கும் முன்னே போகிறவனுக்கும் லைட்டை டிம் பண்ணாதவனை அண்ணன் மனுஷனாகவே மதித்ததில்லை. பொறுத்தார். கண்ணைச் சுருக்கினார். மறுபடி பொறுத்தார். முடியவில்லை.

"ஏட்டி, இந்த மைக்க எங்கன அமுக்கணும்?"

காட்டினேன்.

அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"மாப்ள... லைட்டக் கொஞ்சம் டிம் பண்ணுங்க. கண்ணு கூசுது."

சட்டென்று வெளிச்சம் இறங்கியது. "சரிங்க மாமா" என்று பயந்துபோன ஒரு குரல். அதற்குப் பின்னால், பக்கத்திலிருந்து இன்னொரு குரல்.

"அப்பா..."

அண்ணன் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ம். பாத்து வா. வளைவு வருது."

ஆன்லைன் விளையாட்டுக்குச் சந்தா கட்டலாமா கூடாதா என்று இனிமேல் என்னிடம் யாராவது கேட்டால், கூட வருவது யார் என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள் என்றுதான் சொல்வேன்.

நேற்று மதினி போனில் கூப்பிட்டிருந்தார். "ஒங்க அண்ணன்ட்ட நீயே கேட்டுச் சொல்லு... ஒரே தலைக்கட்டுன்னா குடும்பத் திட்டத்துல எனக்கும் ஒரு லாரி வரணும்லா?"